புள்ளி நகரவில்லை

என் மகள் மலையில் நடப்பதெல்லாம் எங்களுக்கு ராத்திரியில்தான். கலிஃபோர்னியாவுக்கும் தென்காசிக்கும் கோடைக்காலத்தில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அவள் காலை ஏழு மணிக்குக் கூடாரத்தைச் சுருட்டிக் கிளம்பும்போது இங்கே இரவு ஏழரை, பக்கத்து வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அவள் மாலை ஐந்து மணிக்கு மூட்டையை இறக்கி வைக்கும்போது இங்கே விடிகாலை ஐந்தரை. இடைப்பட்ட நேரம் முழுக்க என் போன் திரையில், ஒரு வரைபடத்தின் மேல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நீலப் புள்ளி நகரும். அந்தப் புள்ளிதான் என் மகள்.

2019 ஜூலை கடைசி வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களைப் பற்றி ரெண்டு வரி. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் தபால்துறையில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். பெரியவன் சென்னையில். சின்னவள் கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை. அந்த வருடம் அவளுக்கு என்ன மாதிரி வருடம் என்பது இங்கே வேண்டாம். ஒருநாள் வீடியோ காலில், "அம்மா, ஆறு நாள் மலையில நடக்கப் போறேன். தனியா" என்றாள்.

"தனியாவா? கூட யாரும் இல்லாமலா?"

"தனியான்னா அதானேம்மா அர்த்தம்."

சியரா நெவாடா மலைத்தொடர். பிஷப் என்ற சிறிய ஊரிலிருந்து மேலே ஏறினால் நார்த் லேக் என்று ஓர் ஏரி. அங்கே தொடங்கி, சுமார் 90 கிலோமீட்டர் நடந்து, சவுத் லேக் என்ற இன்னொரு ஏரியில் இறங்குவது. நடுவில் மூன்று கணவாய்கள்: பியூட் 3,482 மீட்டர், மியூர் 3,644 மீட்டர், பிஷப் 3,649 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வழியில் ரோடு கிடையாது, செல்போன் டவர் கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் போட்டு முதுகில் சுமந்துபோக வேண்டும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் மௌனத்தைப் பார்த்துவிட்டு அவளே ஒரு சின்னக் கருவியைக் கேமரா முன்னால் காட்டினாள். ஆரஞ்சு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை 100 கிராம் என்றாள். "டவரே இல்லாத இடத்துல இருந்தும் இது செயற்கைக்கோள் வழியா உனக்குச் செய்தி அனுப்பும். நான் எங்க இருக்கேன்னு உன் போன்லயே பாக்கலாம்."

அதுவரை இந்த மாதிரிக் கருவி இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனால் இயற்பியல் டீச்சர் இல்லையா, ரெண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

நம்மில் பல பேர் ஜிபிஎஸ் என்றால் மேலே இருந்து யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தாம் இருக்கும் இடத்தையும் துல்லியமான நேரத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. ஊர் நடுவில் நிற்கும் மணிக்கூண்டு மாதிரி. மணிக்கூண்டை யார் அண்ணாந்து பார்த்தார்கள் என்று மணிக்கூண்டுக்குத் தெரியாது. கருவிதான் அந்த அறிவிப்புகளைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. போட்ட கணக்கை இன்னொருவருக்குச் சொல்ல வேறொரு செயற்கைக்கோள் வேண்டும். மகளின் கருவி அதற்கு இரிடியம் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தியது. மொத்தம் 66, சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம் பூமியை நூறு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றன. ஒன்று நம் தலைக்கு மேலே இருப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவு, பிறகு அடுத்தது வரும். மேலே திறந்த வானம் இருந்தால் செய்தி சட்டென்று போகும். ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, தலைக்கு மேல் அடர்ந்த மரம் என்றால், தெரிகிற அந்தத் துண்டு வானத்தில் ஒரு செயற்கைக்கோள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

இவருக்கு இதைச் சொன்னேன். "அப்போ கட்டு கட்டி வச்சிருந்து, மெயில் பஸ் வந்ததும் ஏத்திவிடுத மாதிரி" என்றார். ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான்.

செய்தி 160 எழுத்துக்குள் இருக்க வேண்டும். கருவியின் பக்கவாட்டில் ஒரு சிறிய மூடி, அதற்குள் எஸ்ஓஎஸ் பொத்தான். அதை அழுத்தினால் நாள் முழுக்க ஆள் இருக்கும் ஓர் அவசர மையத்துக்குச் செய்தி போகும். அங்கிருந்து எழுத்திலேயே விசாரிப்பார்கள்: என்ன ஆயிற்று, நடக்க முடிகிறதா, ரத்தம் வருகிறதா. அந்தந்த இடத்து மீட்புப் படைக்குத் தகவல் சொல்வார்கள். பதிவு செய்துவைத்த குடும்பத்தாரையும் கூப்பிடுவார்கள்.

இதற்கெல்லாம் மூத்த அக்கா ஒன்று உண்டு, பிஎல்பி என்பார்கள். அது பேசாது, கேட்காது, புள்ளி காட்டாது, மாதச் சந்தாவும் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் 406 மெகாஹெர்ட்ஸில் ஒரு கூக்குரல் போடும், அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்கும் ஏற்பாட்டின் பெயர் காஸ்பாஸ்-சார்சாட். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றை நோக்கி ஒன்று ஏவுகணைகளைத் திருப்பி வைத்திருந்த காலத்தில், அந்த ரெண்டு நாடுகளும் கனடாவும் பிரான்சும் சேர்ந்து இதை ஆரம்பித்தன. 1982 ஜூனில் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது சோவியத். அதே செப்டம்பரில் கனடா மலைக்காட்டில் ஒரு சிறிய விமானம் விழுந்தபோது, அந்தச் சோவியத் செயற்கைக்கோள் குரலைக் கேட்டுச் சொன்னதால் மூன்று பேர் பிழைத்தார்கள். இந்தியாவும் இதில் உறுப்பினர்தான். வகுப்பு நடத்திய நாட்களில் எனக்கு இது தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

கருவியோடு ஓர் ஏ4 தாளும் வந்தது, மின்னஞ்சலில். எந்த நாள் எங்கே தங்குவாள், கூடாரம் பச்சை, முதுகுப்பை நீலம், எட்டு நாளுக்குச் சாப்பாடு இருக்கிறது, அனுமதிச்சீட்டின் எண், கார் எங்கே நிற்கிறது. அவள் ஷூவின் அடிப்பக்கத்தைக்கூடப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். "இது எதுக்குட்டி?" என்று கேட்டேன். "தேடுறவங்களுக்குக் கால்தடம் தெரியணும்ல" என்றாள். எனக்கு வயிறு கலங்கியது.

தாளின் அடியில் தடித்த எழுத்தில்: புள்ளி நின்றால் பயப்படாதே. செய்தி வரவில்லை என்றாலும் பயப்படாதே. நான் எஸ்ஓஎஸ் அழுத்தினால் அவர்களே உன்னைக் கூப்பிடுவார்கள். ஏழாம் நாள் மதியம் வரை என்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் மட்டும் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிடு. அதற்கு முன் கூப்பிடாதே.

"சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

முதல் ரெண்டு நாள் ஒன்றும் சொல்வதற்கில்லை. தினமும் காலையில் எனக்கு, "கூடாரம் போட்டாச்சு, நலம்" என்று முன்கூட்டியே எழுதிவைத்த செய்தி வந்துவிடும். புள்ளிகளை இணைத்தால் வரைபடத்தில் ஓர் எறும்பு ஊர்ந்த தடம். நான் பயந்தது மூன்றாம் நாளுக்குத்தான். அன்று எவல்யூஷன் ஆற்றை அவள் காலால் கடக்க வேண்டும், பாலம் கிடையாது. சியராவில் பனி அதிகமாக விழுந்த 2017-இல் ஆறுகளைக் கடக்கும்போது நெடுநடைப் பயணிகளான ரெண்டு பெண்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனதைப் படித்து வைத்திருந்தேன். 2019-உம் பனி அதிகமான வருடம். இரவு ஒன்பதரைக்குப் புள்ளி கரையில் வந்து நின்றது. பத்து நிமிடம், அங்கேயே. இருபது நிமிடம், அங்கேயே. அடுத்த புள்ளி அந்தக் கரையில் விழுந்தது. பூஜையறைக்குப் போய் விளக்கைத் தூண்டிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் மியூர் கணவாய். உச்சியில் 1930-இல் கட்டிய ஒரு கல் குடிசை இருக்கிறது, கூம்பு மாதிரி. அதன் படத்தை எனக்கு முன்பே அனுப்பியிருந்தாள். இரவு பன்னிரண்டே முக்காலுக்கு, "கணவாய் தாண்டிட்டேன். ஒரே பனி. அழகு" என்று வந்தது. பயப்பட வேண்டிய இடத்தில் எல்லாம் பயந்து முடித்துவிட்டேன் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

நாலரைக்கு எழுந்து, வாசல் தெளிக்கும் முன் போனைப் பார்த்தேன். புள்ளி, கணவாய்க்குச் சற்றுக் கீழே ஹெலன் ஏரியின் கரையில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன். ஒன்று பத்துக்கு அங்கே வந்த புள்ளி. மூன்று மணி நேரத்துக்கு மேலாக அதே இடம்.

கோலத்தை எப்படிப் போட்டேன் என்று தெரியாது. ஏழரைக்கு வர வேண்டிய "கூடாரம் போட்டாச்சு" வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை.

அந்த வரைபடப் பக்கத்திலிருந்தே அவள் கருவிக்குச் செய்தி அனுப்பலாம். அனுப்பினேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, "எங்க இருக்க, பதில் போடு." பிறகு, "அம்மா பயந்துட்டு இருக்கேன்." பிறகு, "பயப்படல, சும்மா ஒரு வார்த்தை போடு." மொத்தம் பதினோரு செய்தி. ஒன்றுக்கும் பதில் இல்லை.

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நாப்பது வருசம் தபால் பாத்தவன் சொல்லுதேன். தபால் வரலைன்னா தபால் வரலைன்னுதான் அர்த்தம். வேற அர்த்தம் நாமளா எழுதக் கூடாது."

ஆனால் எனக்குத் தெரிந்த இயற்பியல் வேறு சொன்னது. புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே இடம் போலத் தெரிந்தது உண்மையில் ஒரே இடம் இல்லை, சில மீட்டருக்குள் ரெண்டு மூன்று புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அளவீட்டில் வரும் சிறு பிழை அது. அதாவது கருவி கெட்டுப்போகவில்லை. பேட்டரி இருக்கிறது, வானம் தெரிகிறது, தன் இடத்தைக் கணக்குப் போட்டு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. என் செய்திகளும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கருவி நன்றாக இருந்து, பதில் மட்டும் இல்லை என்றால்? பனியில், 3,500 மீட்டர் உயரத்தில், ஓர் ஏரிக்கரையில், ராத்திரி முழுக்க அசையாமல் ஒருத்தி கிடக்கிறாள் என்றால்?

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் உடைந்துவிடுவார்.

பத்து மணிக்கு அவள் தோழியைக் கூப்பிட்டோம். கேரளத்துப் பெண், அங்கே அவளோடு வேலை பார்க்கிறவள். அவளுக்கு அப்போது இரவு ஒன்பதரை. "ஆன்ட்டி, எஸ்ஓஎஸ் வந்திருந்தா எனக்கும் கால் வந்திருக்கும். இருட்டுல யாரும் மலையில தேட மாட்டாங்க. விடியட்டும்" என்றாள். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை. பெரியவன் சென்னையிலிருந்து மணிக்கு ஒருமுறை கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல் வைத்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் சத்தியத்தை மீறினேன்.

இவர் கடைக்குப் போயிருந்தார். ஏ4 தாளில் இருந்த ஷெரிஃப் அலுவலக எண்ணை அழுத்தினேன். அங்கே விடிகாலை நாலரை. ஒரு பெண் குரல் எடுத்தது. நான் வகுப்பில் பேசுகிற ஆங்கிலத்தில், அழாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒரு இடத்திலும் அவசரப்படவில்லை, ஒரு இடத்திலும் என்னை அவசரப்படுத்தவில்லை. எஸ்ஓஎஸ் வந்ததா? மலையில் நடந்து பழக்கம் உண்டா? எத்தனை நாள் சாப்பாடு? கூடார நிறம்? எப்போது வெளியே வர வேண்டியவர்? எல்லாவற்றுக்கும் தாளைப் பார்த்துப் பதில் சொன்னேன். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். அது எப்படி உச்சரிக்க வேண்டும் என்றும் கேட்டாள். அந்த இடம் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது என்று அவர்களோடு இணைத்துவிட்டாள். அவர்களும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கீழே லெகான்ட் பள்ளத்தாக்கில் ஒரு ரேஞ்சர் குடில் இருக்கிறது, காலையில் ரேடியோவில் சொல்கிறோம் என்றார்கள்.

ஷூ அடிப்பாகத்தின் படத்தை அனுப்ப ஒரு முகவரி கேட்டேன். "இப்போதைக்கு வேண்டாம், அம்மா. கையில் வைத்திருங்கள்" என்றார்கள். அந்த "இப்போதைக்கு" என்ற வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இவர் வந்ததும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "நல்லதுதான்" என்றார். காலையிலிருந்து அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரவு எட்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. அவள் கருவியிலிருந்து செய்தி. கை நடுங்கியதில் திறக்க ரெண்டு முறை ஆனது. ஆங்கிலத்தில் ஒரே வரி: "வணக்கம். நான் உங்கள் மகள் இல்லை."

அடுத்த செய்தி வர நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

பிறகு ரெண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. நானும் மனைவியும் கணவாயிலிருந்து இறங்கி வருகிறோம். இந்தக் கருவி பனியின் மேல் கிடந்தது. இங்கே யாருக்கும் அடிபட்ட அடையாளம் இல்லை. கால்தடங்கள் ஒழுங்காகக் கீழே போகின்றன. தவறி விழுந்திருக்கும் என்று நினைக்கிறோம். ரேஞ்சர் குடிலுக்கு எடுத்துப் போகிறோம்.

கொஞ்ச நேரத்தில் புள்ளி நகர ஆரம்பித்தது. யாரோ ஒரு முகம் தெரியாத மனிதரின் கையில்.

இவர் எழுந்து, மகள் எந்த வழியில் இறங்குவாள் என்று பார்க்க அந்த ஏ4 தாள் வந்த மெயிலைத் தேடினார். அவர் மெயிலில் எதையும் தேடினால் கிடைக்காது, எல்லாப் பெட்டியிலும் போய்ப் பார்ப்பார். அப்படி ஸ்பேம் பெட்டிக்கும் போனார். உடனே கடன் தருகிறோம், உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது என்ற கடிதங்களுக்கு நடுவில், முன்பின் தெரியாத முகவரியிலிருந்து ஒன்று இருந்தது. காலை ஒன்பது பத்துக்கு வந்தது.

"அம்மா, நான்தான். கருவியைக் கணவாய்ப் பக்கம் எங்கயோ தொலைச்சிட்டேன். நான் நல்லா இருக்கேன். லெகான்ட்ல கூடாரம். இது வேற ஒருத்தரோட கருவி, இதுக்குப் பதில் போட வேண்டாம்."

பதினோரு மணி நேரத்துக்கு மேலாக அந்தக் கடிதம் எங்கள் வீட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது.

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "தபால் வந்திருக்கு டீச்சர். டெலிவரிதான் ஆகல" என்றார். சிரிக்க ஆரம்பித்தேன். எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

உடனே பூங்காவுக்குப் போன் போட்டு, ஆள் பத்திரம் என்று சொன்னோம். "நல்ல செய்தி. ஆனால் ரேஞ்சர் ஏற்கனவே கிளம்பிவிட்டார்" என்றார்கள்.

நடந்தது இதுதான். கருவியை ஒரு கொக்கியால் முதுகுப்பையின் தோள்பட்டையில் மாட்டியிருந்தாள். பனிச்சரிவில் வழுக்கி உட்கார்ந்தபோது கொக்கி திறந்துவிட்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, எழுந்து நடந்துவிட்டாள். பல கிலோமீட்டர் இறங்கி, லிட்டில் பீட் மெடோ என்ற புல்வெளியில் மூட்டையை இறக்கும்போதுதான் கருவி இல்லை என்று கவனித்திருக்கிறாள். திரும்பிக் கொஞ்ச தூரம் ஏறித் தேடியிருக்கிறாள், இருட்டப் போகிறது என்று இறங்கிவிட்டாள். பக்கத்தில் கூடாரம் போட வந்தவரிடம் கருவியை இரவல் வாங்கிச் செய்தி போட்டிருக்கிறாள். வெளிநாட்டு எண்ணுக்கு எஸ்எம்எஸ் போகுமோ போகாதோ என்று மெயில் அனுப்பினாளாம். புத்திசாலித்தனமாகச் செய்த காரியம்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரேஞ்சர் போய் அவள் கூடாரத்தின் முன்னால் நின்றிருக்கிறார். மதியம் அந்தத் தம்பதி வந்து கருவியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்கு வந்த செய்தி: "இப்ப என் கையிலதான் இருக்கு. நானேதான்."

ஆறாம் நாள் பிஷப் ஊருக்கு வந்து போன் செய்தாள். திட்டு விழும் என்று தயாராக இருந்தேன். விழவும் செய்தது. "ஏழாம் நாள்னு சொன்னேன்லம்மா? உண்மையிலேயே யாராவது அடிபட்டுக் கிடந்து, அந்த ரேஞ்சர் என்னைப் பாக்க வந்துட்டு இருந்தா?" பதில் சொல்ல முடியாத கேள்வி. தப்புதான் என்றேன். கொஞ்சம் நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அம்மா, அந்த ரேஞ்சர் என் பேரைச் சரியாச் சொன்னார். இங்க ஆபீஸ்ல அஞ்சு வருசமா ஒருத்தரும் சரியாச் சொன்னதில்ல. எப்படித் தெரியும்னு கேட்டேன். உங்க அம்மா எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தாங்கன்னார்" என்றாள்.

அதற்குப் பிறகு ரெண்டு பேருமே சரியாகப் பேசவில்லை.

என் பதினோரு செய்திகள் பற்றி வீட்டில் இன்னும் வழக்கு இருக்கிறது. செய்தி வரும்போது கருவி பீப் அடிக்கும், அந்தச் சத்தத்தில்தான் அந்தத் தம்பதி திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்பது இவர் கட்சி. வெள்ளைப் பனியில் ஆரஞ்சு நிறம் ஒரு கிலோமீட்டருக்குத் தெரியும், அம்மா ஒன்றும் செய்யவில்லை என்பது அவள் கட்சி. அந்த மனிதர் என் செய்திகள் அத்தனையையும் பார்த்திருப்பார் என்பதை நினைத்தால்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நல்லவேளை, தமிழ்.

இப்போது அவள் கருவியை உடம்போடு கயிறு போட்டுக் கட்டிக்கொள்கிறாள். பையில் மாட்டுவதில்லை, ஆற்றில் பையை விட்டுவிட வேண்டி வந்தாலும் கருவி தன்னோடு இருக்க வேண்டும் என்கிறாள். என்னிடம் கேட்டால் இதைக் கடையில் வாங்கும்போதே சொல்லிக் கொடுக்க வேண்டும். அவசரத் தொடர்புக்கு முதல் பெயர் தோழியுடையது, ரெண்டாவதுதான் நான். அதே நாட்டில், அதே நேரத்தில் விழித்திருப்பவர் ஒருவர் வேண்டும் என்பதில் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருந்தது, போய்விட்டது. கருவியின் மெயில் முகவரியை இவர் போனில் சேமித்து, ஊருக்குள்ளிருந்தே சோதனைச் செய்தி ஒன்று அனுப்பிப் பார்த்த பிறகுதான் கிளம்புவாள். பத்து நிமிடப் புள்ளியை முப்பது நிமிடமாக்கிவிட்டாள், பேட்டரி மிச்சமாம். என் தூக்கம் மிச்சம் என்பதுதான் நிஜக் காரணம். 2022 நவம்பரிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபோன் 14-இல் இருந்தே செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்ப முடிகிறது. அப்படியானால் இந்தக் கருவி எதற்கு என்று கேட்டேன். "போன் கீழ விழுந்தா உடையும். குளிர்ல சார்ஜ் போயிரும். படம் எடுத்து எடுத்தே தீர்ந்துரும்" என்றாள். உயிரையும் படத்தையும் ஒரே பேட்டரியில் வைக்கக் கூடாது என்பது சரியான பேச்சாகத்தான் பட்டது.

ஒன்று மட்டும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கருவியை நம் நாட்டுக்குள் அப்படியே கொண்டுவரக் கூடாது. உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது இங்கே குற்றம். மலையேற வந்த வெளிநாட்டவர் பலர் இது தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டியிருக்கிறார்கள். குரங்கணித் தீயை நேரில் பார்க்காவிட்டாலும் மறக்காத மாநிலம் நம்முடையது. மலைக்குப் போகிறவர்களுக்கு ஏதாவது ஒரு முறையான வழி வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கடலுக்குப் போகிற மீனவர்களுக்கு இஸ்ரோ செய்துகொடுத்த ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010-லிருந்தே இருக்கிறது. 2024-இல் வந்த புதிய வகையில், "உன் செய்தி கிடைத்தது" என்று படகுக்குப் பதிலும் வருகிறதாம். அந்தப் பதிலின் அருமை எனக்குத் தெரியும்.

போன தை மாதம் ஊருக்கு வந்திருந்தாள். கருவி கலிஃபோர்னியாவில் அலமாரியில். ஒருநாள் காலை ஐந்து மணிக்கு, பண்பொழி திருமலைக் கோயிலுக்கு நடந்தே போய்ப் படியேறிவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினாள். எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். ஒன்பதுக்கும் அதேதான். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "தபால் வரலைன்னா..." என்று ஆரம்பித்தார். முறைத்தேன், நிறுத்திக்கொண்டார்.

பதினொன்றரைக்கு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள். கையில் ரெண்டு இளநீர்.

"போன் எங்கட்டி?"

"சார்ஜ் போடாம எடுத்துட்டுப் போயிட்டேன்மா. ஏன், தேடினியா?"

"இல்லையே" என்றேன். இவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். நான் அரிவாள்மனையை எடுக்க உள்ளே போய்விட்டேன்.